நல்லதை வைத்துவிட்டுப் போன திருடன்

இந்த உலகத்தில் ஏலக்காயைப் போல உலர்த்தப்பட்டு, பச்சை நிறம் மாறாமல், வாசனையும் குறையாமல், உயிரோடு வெளியே வந்த ஒரே மனிதன் நான்தான். கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் என் நாடியைப் பிடிக்கக் கையைத் தூக்கியவர், முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் பாயசம் வைக்கச் சொன்னார். வாளையார் சாலையில் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் வண்டிகள் நிற்கின்றன. மாடுகள்கூடத் தலையாட்டுகின்றன.

நம்ப மறுத்தவன் ஒருவன்தான். அவன் பெயர் சுவக்கீன். சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவன். என்னை உலர்த்திய அடுப்பை மூட்டியவனும் அவனே. அதனால் அவன் நம்பாமல் இருந்தது வேறு யாரோ நம்பாமல் இருந்தது போல அல்ல. அவன் நம்பினால் ஒரு பெண் வீட்டுக்குப் போவாள், நம்பாவிட்டால் பீர்மேடு லாக்கப்புக்குப் போவாள் என்று அன்றைக்கு நிலைமை.

பென்ஷன் வாங்குகிற வயதில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இம்மி கூட்டினால் என் பெயர் ரத்தினசாமி இல்லை.

சென்னியப்பன் அண்ணன் பாலக்காட்டு முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு முன்ஷியாக இருந்தவர். பழைய தஸ்தாவேஜுகளில் அரபியும் பாரசீகமும் கலந்து கிடக்கும் சொற்களை அவிழ்த்து அவிழ்த்து, கடைசியில் கேஸ்களையும் அவிழ்க்கத் தொடங்கி, வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். எலப்புள்ளியில் அவருக்கு நெல்வயல் உண்டு. எனக்கு வாய் உண்டு. அவர் யோசிப்பார், நான் பேசுவேன். இப்படி ஏற்பாடு.

எங்களை மலைக்கு அழைத்தவர் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி மீராசா ராவுத்தர். ரயில், மாட்டுவண்டி, கடைசியில் கால் என்று மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அந்த மலையில் மழை மேலிருந்து விழுவதில்லை. எதிரிலிருந்து நடந்து வந்து நம்மேல் மோதும். என் காலில் ஏறிய அட்டைகள் கனம் தாங்காமல் தாமாகவே இறங்கி ஓய்வெடுத்தன.

ராவுத்தர் தோட்டக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சாக்குமூட்டை. அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஏலக்காய், கிளி இறகு மாதிரி பச்சை. நான் ஒன்றை வாயில் போட்டேன்.

"ஏனுங்க, நெம்ப நல்ல காயாத்தானுங்க இருக்குது."

"அதான் தம்பி என் பிராது," என்றார் ராவுத்தர். "நான் வச்சிட்டுப் போனது இம்புட்டு நல்லதில்ல."

நான் சிரித்துவிட்டேன். முப்பத்தாறு வகைத் திருடர்களைப் பார்த்தவன் நான். மட்டத்தை எடுத்துக்கொண்டு உசத்தியை வைத்துவிட்டுப் போகிற திருடனைப் பார்த்ததில்லை. "அவன் விலாசம் கெடச்சா எங்கூட்டுக்கும் ஒருக்கா வரச் சொல்லுங்க," என்றேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "என்ன சொல்லி வெச்சிட்டுப் போனீங்க?" என்று கேட்டார்.

"அமானத்துன்னு சொல்லி வச்சேன். மக பிரசவத்துக்குக் கீழ எறங்கணும். இந்த மழையில மூட்டைய நனைக்க முடியாது. ராமுத்தாய்கிட்ட குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து அவுத்தேன். இது என் பொருள் இல்ல. என்ன மாறியிருக்குன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அந்தப் பிள்ளைகிட்டகூட. என் பொருள் இல்லன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்குள்ள கண்டாக்கு கந்தப்பன் போலீசுக்கு ஆள் அனுப்பிட்டாரு, இவதான் வித்துத் தின்னுட்டான்னு."

கண்டாக்கு என்றால் தோட்டத்து மேற்பார்வைக்காரர். அந்த மலையில் மழைக்கு அடுத்த அதிகாரம் அவருடையது.

ராமுத்தாய் வாசலில் நின்றிருந்தாள். காய் எடுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. ஊருக்குப் போகிறவள் காதுத் தோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பிரசவத்துக்குப் போகிறவள் மூத்த பிள்ளையையே கொடுத்துவிட்டுப் போவாள்.

"மூட்டைய நான் அவுக்கலய்யா," என்றாள். "பரணு ஒழுகுச்சு. ஏஞ் சேலைய மடிச்சு அது மேல போட்டேன். அதுதான் நான் செஞ்சது. சாயங்காலம் பீர்மேட்டு ஏட்டு வாராராம். கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கு விட்டாலும் எவ எங்கிட்ட ஒரு ஊசியக் குடுப்பா?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

அண்ணன் ஒரு காயை எடுத்து விளக்கில் பிடித்தார். "மூட்டையில இருந்தது விதைக்காயுங்களா?"

ராவுத்தர் நிமிர்ந்தார். "ஆமா. உள்காட்டுல ஒரே ஒரு ஏலச்செடித் தூரு. மழையில மத்த தூரெல்லாம் அழுகும், அது அழுகாது. அதுல எடுத்த காயை நெழல்ல ஒலத்தி வச்சிருந்தேன். பாத்தா பழுப்பா, சூம்பிப்போயி இருக்கும்."

"இது அடுப்புல ஒலந்தது. பாக்க அழகு. மொளைக்காது." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பொணத்துக்குப் பவுடர் போட்டு வெச்சிருக்கான் ரத்தினம்."

*

ஸ்டோருக்கு நடக்கும்போது அண்ணன் தம் வழக்கப்படி சொல்லை விசாரிக்கத் தொடங்கினார். ஆளை விசாரிப்பதற்கு முன் சொல்லை விசாரிப்பது அவர் பழக்கம். எங்கே பிறந்தது, எந்த ஊரில் தங்கியது, யாருடன் சுற்றியது என்று எல்லாம் கேட்பார்.

"அமானத்து அரபியில பொறந்தது. பயமில்லாத நெலமைக்கு அவிய வெச்ச பேரு அம்ன். பாரசீகத்துக்காரன் அதை எடுத்துட்டுப் போயி கச்சேரியில உக்கார வெச்சான். நம்பி ஒப்படைச்ச பொருள் அமானத்து. நம்பத்தக்க ஆளு அமீன்."

"நம்மூரு கோர்ட்டு அமீனாவுங்களா? அவன் வந்தா அண்டா குண்டாவெல்லாம் கெணத்துல ஒளிச்சு வெப்பமே."

"அவனேதான். பொறந்த எடத்துல நம்பிக்கை. நம்மூருக்கு வாரதுக்குள்ள ஜப்தி." அண்ணன் ஒரு அட்டையைப் பிய்த்து எறிந்தார். "இத பாரு. கடன் வாங்குனா சமமாத் திருப்பிக் குடுத்தாப் போதும். ஒரு படி நெல்லுக்கு வேற ஒரு படி நெல்லு. நல்ல நெல்லாக் குடுத்தா கும்புடுவான். அமானத்து அப்படியில்ல. வெச்ச அதே பொருள் வரோணும். ஒசத்தி வந்தாலும் அது துரோகந்தான். மாத்துனவனுக்குக் கடன் தெரியும், அமானத்து தெரியாது. நல்லதா வெச்சா ராவுத்தர் வாயத் தொறக்க மாட்டாருன்னு நெனச்சுட்டான்."

ஸ்டோர் வாசலில் சுவக்கீன் விறகு பிளந்துகொண்டிருந்தான். கழுத்தில் ஜெபமாலை. நான் பேச்சுக் கொடுத்தேன். ஏலக்காய் ஸ்டோர் என்பது ஜன்னலில்லாத கல் அறை, வெளியே அடுப்பு, அடுப்புச் சூட்டைச் சுமந்து தரையோடு ஓடும் பெரிய இரும்புக் குழாய், சுற்றிலும் அடுக்கடுக்காய்த் தட்டுகள்.

"அடுப்பு மூட்டியாச்சுன்னா எவன் வந்து தட்டுனாலும் கதவத் தொறக்க மாட்டேன்," என்றான். "நடுவுல தொறந்தா சூடு எறங்கி காய் வெளுத்துரும். கருகுற வாடை வந்தா மட்டும் தொறக்கணும். இந்தக் கையில இதுவரைக்கும் அந்த வாடை வந்ததில்ல."

அவன் விறகுக்குக் காட்டுக்குள் போனபின் கந்தப்பன் வந்தார். குடை, மீசை, உபசாரம். மூன்றும் பெரியவை.

"எலப்புள்ளியில இருந்து இம்புட்டுத் தூரம் இதுக்கா வந்தீக? ராவுத்தருக்கு என்ன கொறஞ்சு போச்சு? வச்சதவிட நல்ல காயா வாங்கிக்கிட்டு, கேசு வேறயா? களவாணிச் சிறுக்கிய நாலு நாள் உள்ள போட்டாச் சரியாப்போவும்."

நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். மீசை பெரியதாக இருந்தால் எனக்குத் தலை தானாக ஆடும்.

"இந்தப் பச்சை எப்படி வருதுன்னு உள்ள போயிப் பாக்கலாமுங்களா?" என்றார் அண்ணன்.

"தாராளமா."

உள்ளே போனோம். தட்டு நிறையப் பச்சைக்காய்; மூலையில் ஒரு தட்டில் மட்டும் முன்பே உலர்ந்தது. அண்ணன் மடியிலிருந்து ராவுத்தர் மூட்டைக் காய் ஒன்றை எடுத்தார். அந்த மூலைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள். கந்தப்பன் வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

கதவு சாத்தியது. வெளியே குறுக்குக் கட்டை விழுந்த சத்தம் கேட்டது.

*

கொல்லவா, ஏட்டு ராமுத்தாயைக் கூட்டிக்கொண்டு போகும்வரை அடைத்து வைக்கவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கதவின் உள்பக்கம் சாக்கு அடித்திருந்தது, சூடு வெளியேறாமல் இருக்க. சத்தமும் வெளியேறவில்லை. கொஞ்ச நேரத்தில் கந்தப்பனின் குரல் எங்கேயோ கிணற்றுக்கடியில் போல: "தட்டு நெறஞ்சாச்சு சுவக்கீன், மூட்டு." பிறகு இரும்புக் குழாய் முனக ஆரம்பித்தது.

முதலில் இதமாக இருந்தது. நனைந்த வேட்டி காய்ந்தது. பிறகு நான் காய்ந்தேன். நாலு படி பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு படி ஆகும் என்பார்கள். என் சட்டை என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முழுக் கல்யாணமே நடந்தது, அவ்வளவு ஏலக்காய். சுவர் ஒரு முழம் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தேன், இன்னும் ஒரு முழம் வந்திருந்தது.

"ஏனுங்ணா, இப்படியே செத்தா என்னை எந்த ரகத்துல போடுவாங்க?"

"சூம்பல்ல. கம்முனு இரு, யோசிக்கறேன்." அண்ணன் தரையில் மூக்கை வைத்துப் படுத்திருந்தார். அங்கேதான் கொஞ்சம் காற்று. "கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டவன், இதுக்கு மேல முடியாதுன்னா கையத் தூக்கி என்ன கத்துவான் தெரியுமா? ‘அமான்.’ உசுருக்குப் பயமில்லாம வெளிய விடுன்னு அர்த்தம். அரபிக்காரனுக்கும் புரியும், பாரசீகக்காரனுக்கும் புரியும்."

"சுவக்கீனுக்குப் புரியுமுங்களா?"

"அவனுக்கு அந்தக் குடும்பத்துல வேற ஆளைத் தெரியும். கோயில்ல ஜெபம் முடிஞ்சா ஆமென்கிறானே, அதுவும் பழைய ஒறம்பரைதான். மெய், உறுதின்னு அர்த்தம்."

எனக்கு அப்போது உறவுமுறை முக்கியமாகப் படவில்லை. குழாயின் மேல் ஒரு கல்லால் தட்டி, அதன் வயிற்றுக்குள் "அமான், அமான்" என்று நாற்பதாயிரம் தடவை கத்தினேன். குழாய் வழியாகச் சத்தம் அடுப்புக்குப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் மறுமுனையில் சுவக்கீன் உரக்க ஜெபம் சொல்வது கேட்டது. நான் கத்தக் கத்த ஜெபமும் வேகமானது. விறகும் கூடியது.

"பேயின்னு நெனச்சுட்டானுங்ணா. பேயை ஓட்ட இன்னும் எரிக்கறான்."

அண்ணன் மெல்லத் தலையைத் தூக்கினார். முகம் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி இருந்தது. கண் மட்டும் சிரித்தது.

"ரத்தினம், கந்தப்பன் நம்மகிட்ட என்ன சொன்னான்?"

"தாராளமான்னு."

"அதுக்கு முன்னால. ‘வச்சதவிட நல்ல காயா வாங்கிக்கிட்டு’ன்னான். ராவுத்தர் அதை ஆருகிட்டயும் சொல்லலையே. இன்னிக்கு நம்மகிட்டச் சொல்ற வரைக்கும் ராமுத்தாய்க்கே தெரியாது. மலை முழுக்க, அவ பொருளை வித்துட்டாங்கற பேச்சுத்தான் இருக்குது. நல்லது வந்துதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான், நல்லதை வெச்சவன்."

நான் வாயைப் பிளந்தேன். உள்ளே இருந்த கடைசி ஈரமும் போயிற்று.

"கண்டுபுடிச்சது சரிங்ணா. வெளிய போயிச் சொல்ல ஆள் வேணுமே."

"மனுசன் கத்துனா அவன் வரமாட்டான். எதுக்கு வருவேன்னு சொன்னான்?"

காயை இரண்டு கையாலும் அள்ளி, கொதிக்கிற குழாய்மேல் குவித்தோம். நாலு குவியல். முதலில் வெடித்தது. அப்புறம் புகைந்தது. கூரையோரத்துச் சந்து வழியாகக் கருகல் வாடை வெளியே போனது. நான் குவியலைக் காலால் தள்ளிவிட்டபோது என் வலதுகால் செருப்பு குழாயில் ஒட்டிக்கொண்டு அதுவும் தன் பங்குக்குப் புகைந்தது.

வெளியே ஜெபம் பாதியில் நின்றது. கட்டை பறந்தது. கதவு திறந்தது.

புகையோடு நாங்கள் உருண்டு விழுந்தோம். நான் சுவக்கீனைப் பார்த்து "தண்ணி" என்றேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினான். அவ்வளவு வேகத்தில் ஒரு மனிதன் ஓடி நான் பார்த்ததில்லை. மழை அவனை எட்டவில்லை.

*

ஏட்டு குருசாமி கயிற்றோடு வந்தபோது ஸ்டோர் முற்றத்தில் தோட்டமே கூடியிருந்தது. ராமுத்தாய் நடுவில். ராவுத்தர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு. நாங்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்துவிட்டு நின்றோம். என்மேல் ஈ மொய்க்கவில்லை, தேனீ மொய்த்தது.

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். வாய் தவறி வந்த வார்த்தை, கதவு, கட்டை, அடுப்பு. "விதை சூட்டுல சாகுமுங்க, சாம்பல்ல பொழைக்கும். ஏட்டையா கண்டாக்கு ஊட்டுச் சாம்பப் பானைய ஒருக்காப் பாத்தாப் போதும்."

கந்தப்பன் சிரித்தார். "இவுக மத்தியானமே எறங்கிப் போயிட்டாக. எங்கயோ குடிச்சிட்டு உருண்டு வந்து கதை விடுறாக. உள்ள அடச்சு வச்சா உசுரோட வருவாகளா?"

ஏட்டு கயிற்றைக் கையில் சுற்றினார். "ஒரு கண்டாக்கு வீட்ட வெறும் பேச்சுக்குச் சோதிக்க முடியாது. அடச்சு வச்சது மெய்யானா சோதிப்பேன். இல்லேன்னா இந்தப் பொம்பளையக் கூட்டிட்டுப் போறதுதான் என் வேலை. கதவத் தொறந்தவன் எங்க?"

சுவக்கீனை இரண்டு பேர் பிடித்து வந்தார்கள்.

"உள்ள ஆள் இருந்துச்சாடா?"

"ஆள் இல்லய்யா. முனி. ரெண்டு. ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட. கொழாய்க்குள்ள இருந்து மான் மான்னு ஊளையிட்டுச்சு. கதவத் தொறந்ததும் குட்ட முனி தண்ணி கேட்டுச்சு."

"அது நானுங்க," என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மனுசன் உள்ள போனா வெந்துதான் வருவான். பேசிக்கிட்டு வரமாட்டான். நான் நம்ப மாட்டேன்."

"வெந்துதான் வந்தனுங்க. வேணும்னா கடிச்சுப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. ஏட்டும் சிரித்தார். அது நல்லதற்கில்லை. ராமுத்தாய் சிரிக்கவில்லை, கைகளைச் சேர்த்துக் கயிற்றுக்கு நேராக நீட்டிவிட்டாள். வாதாடிக் களைத்தவள் நீட்டுகிற மாதிரி.

அண்ணன் ஸ்டோருக்குள் போய் ஒரு முறம் நிறையக் கரிக்கட்டைக் காயைக் கொண்டுவந்து சுவக்கீன் காலடியில் வைத்தார்.

"முனியாவே இருக்கட்டும். இதைக் கருக்குனது ஆரு?"

அண்ணன் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கந்தப்பன் காத்திருக்கவில்லை.

"இதுல என்ன ரகசியம்? அடுப்புக்காரன் தூங்கிட்டான். தூங்கிட்டு முனிக் கதை சொல்றான்."

சுவக்கீனின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. அவனைத் திருடன் என்று சொல்லியிருக்கலாம், குடிகாரன் என்று சொல்லியிருக்கலாம். பொறுத்திருப்பான்.

"நானா தூங்குனேன்?"

"பின்ன யாரு கருக்குனா?"

சுவக்கீன் குனிந்து கரிந்த காயைக் கையில் அள்ளினான். முகர்ந்தான். எழுந்து நேராக ஸ்டோருக்குள் போனான். கூட்டம் பின்னால் போனது. தட்டுகளைத் தடவிப் பார்த்தான். எல்லாம் பச்சை, ஒன்றும் கருகவில்லை. குழாயின்மேல் நாலு இடத்தில் நாலு கருப்பு வட்டம். அப்புறம் குனிந்து, குழாயில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து எடுத்தான். என் செருப்பு.

செருப்பைப் பார்த்தான். என் வலதுகாலைப் பார்த்தான். வெறுங்கால்.

"அடுப்புச் சூட்டுல கருகுனா மொதல்ல கீழ்த்தட்டு கருகும்," என்றான், யாரிடமும் இல்லாமல். "இது கையால அள்ளி வச்சுக் கருக்குனது. எனக்கு வாடை வரணும்னு வச்சது."

வெளியே வந்து கந்தப்பன் எதிரில் நின்றான். "நான் வெறகோட வாரப்ப கதவுக்குக் கட்ட போட்டு நின்னது நீங்க. தட்டு நெறஞ்சாச்சு, மூட்டுன்னதும் நீங்க. உள்ள ஆள் இருக்குன்னு ஏன் அய்யா சொல்லல? என்னயக் கொலகாரனாக்கப் பாத்தீகளே."

கந்தப்பனின் கண் ஒரு தடவை தம் வீட்டுப் பக்கம் போய் வந்தது. அடுப்படிச் சாம்பல் பானையில் பழுப்பும் சூம்பலுமாக விதைக்காய் கிடைத்ததும், ராவுத்தர் அதை முகர்ந்துவிட்டு மறுபடியும் ராமுத்தாய் கையிலேயே கொடுத்து "நாத்துப் போடுற வரைக்கும் நீயே வச்சிரு தாயி" என்றதும் பின்னால் நடந்தவை. அந்த நிமிஷத்தில் கயிறு இன்னும் ஏட்டின் கையில்தான் இருந்தது.

"சுத்தி வளைக்காத சுவக்கீன்," என்றார் ஏட்டு. "எனக்கு ஒண்ணுதான் வேணும். நடந்துச்சா, இல்லையா?"

சுவக்கீன் என் அருகில் வந்தான். தோளைப் பிடித்து முகர்ந்தான், தட்டை இறக்கும்போது பதம் பார்க்கிற மாதிரி. செருப்பை என் கையில் கொடுத்தான். பிறகு ராமுத்தாய் நீட்டியிருந்த கைகளைப் பார்த்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உள்ள இருந்தது இவுக ரெண்டு பேருந்தான்யா. இந்த மனுசன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. ஆமென்."